சுங்கை நிப்பா கற்றுத் தந்த கேள்வி

போர்ட்டிக்சன் மாவட்டத்தில், புக்கிட் பெலாண்டோக் பக்கம் சுங்கை நிப்பா என்றொரு சிறிய கிராமம் இருக்கிறது. 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிப்பா வைரஸ் பரவியபோது உலகமே அந்தப் பெயரை உச்சரித்தது. அது நம் நெகிரி செம்பிலான் ஊரின் பெயர் என்பது நான் அறிவியல் போதிக்கும் படிவம் 5 மாணவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஊர்ப் பெயரே தெரியாதபோது, அந்த வைரஸைக் கண்டுபிடித்த மலேசிய மருத்துவரின் பெயர் எப்படித் தெரியும்? அவர் டாக்டர் சுவா காவ் பிங்.

1999இல் நான் ஆண்டு 5 மாணவன். எங்கள் தோட்டத்திலிருந்து புக்கிட் பெலாண்டோக்கிற்கு மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம். பரவுவது ஜே.இ. என்னும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல், அதைக் கொசு பரப்புகிறது என்றார்கள். லயத்து வீடுகளுக்குள் கொசுமருந்துப் புகை அடித்தார்கள். தடுப்பூசிக்கு வரிசையில் நின்றோம்.

பக்கத்து வீட்டு மாமா பால்மரம் வெட்டுவதை விட்டுவிட்டுப் பன்றிப் பண்ணை வேலைக்குப் போனவர். அவரும் தடுப்பூசி போட்டுக்கொண்டார். ஒருநாள் காய்ச்சல், தலைவலி என்று படுத்தார். இரண்டாம் நாள் பேச்சுக் குழறியது. மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

அன்றிரவு பாட்டி கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: “கொசுன்னா வீட்டுல இருக்குற புள்ளைங்களையுந்தானே கடிக்கும்? பண்ணைக்குப் போற ஆம்பளைங்களுக்கு மட்டும் ஏன்டா வருது?”

அந்தக் கேள்வியை மறுநாள் வகுப்பில் கேட்டேன். “சோதனையில வராததைக் கேட்காதே, உட்காரு” என்று பதில் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில், அதே கேள்வியைக் கேட்டவர்கள் உட்காரவில்லை. இந்த நோய் 1998 செப்டம்பர் இறுதியில் பேராக்கின் கிந்தா வட்டாரத்தில் தொடங்கியது. நோயுற்ற பன்றிகள் விற்கப்பட்டு ஊர் மாறியபோது நோயும் கூடவே சிரம்பான் அருகிலுள்ள சிக்காமட்டுக்கும், பிறகு புக்கிட் பெலாண்டோக்கிற்கும் வந்தது. ஜே.இ. பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும் நோய். இங்கே விழுந்தவர்களோ உழைக்கும் வயது ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளே பயங்கரமாக இருமின. பண்ணைகளுக்கு அருகில் வாழ்ந்தும் பன்றியைத் தொடாதவர்களுக்கு நோய் அரிதாகவே வந்தது. பல்கலைக்கழக மருத்துவமனை மருத்துவர்கள் 94 நோயாளிகளைப் பற்றி 2000இல் எழுதிய கட்டுரையில், 93 விழுக்காட்டினர் பன்றிகளோடு நேரடித் தொடர்பில் இருந்தவர்கள் என்று பதிவு செய்தார்கள். பாட்டி திண்ணையில் சொன்னதற்கு அவர்கள் கணக்கு எழுதி வைத்தார்கள்.

டாக்டர் சுவா நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவராக இருந்து வைரஸ் ஆய்வுக்குத் திரும்பியவர். 1999 மார்ச் தொடக்கத்தில், நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரை ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களோடு சேர்த்துக் கவனித்தார். சில நாளில் அந்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய உருண்டைகளாயின. ஜே.இ. வைரஸ் அப்படிச் செய்வதில்லை. நாடு முழுவதும் ஜே.இ. என்று நம்பி மருந்தடித்துக்கொண்டிருந்த நேரம் அது. ‘மாதிரி கெட்டுப் போயிருக்கும்’ என்று கொட்டிவிடுவது சுலபம். அவர் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். அங்கே மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்தது வேறொரு குடும்பத்து வைரஸ். ஆஸ்திரேலியாவில் 1994இல் குதிரைகளிடம் கண்டறியப்பட்ட ஹெண்ட்ரா வைரஸுக்கு அது நெருங்கிய உறவு.

அந்த ஒரு விடை எல்லாவற்றையும் மாற்றியது. எதிரி கொசு அல்ல, நோயுற்ற பன்றியோடு ஏற்படும் தொடர்பு என்று தெரிந்தது. இராணுவம் இறங்கியது. பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. பண்ணைக்காரர்கள் வாழ்வாதாரத்தை இழந்தார்கள், அந்த வலி சிறியதல்ல. ஆனால் நோய் நின்றது. அதற்குள் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்திருந்தார்கள். எங்கள் மாமாவையும் அந்த 105 பேரில் ஒருவராகத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

டாக்டர் சுவா அதோடு நிற்கவில்லை. பன்றிக்கு இது எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. பழந்தின்னி வௌவால்கள் மேல் சந்தேகம் விழுந்தது. தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கடியில் அவரும் குழுவினரும் பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்துச் சிறுநீர்த் துளிகளைச் சேகரித்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழங்களையும் சோதித்தார்கள். வைரஸ் கிடைத்தது, 2002இல் வெளியிட்டார்கள். உலகப் புகழ் பெற்ற கண்டுபிடிப்புக்குப் பிறகு, மரத்தடியில் வௌவால் சிறுநீருக்காகக் காத்திருப்பதுதான் ஆய்வாளனின் வாழ்க்கை என்று நான் புரிந்துகொண்டது அந்தக் கட்டுரையைப் படித்தபோதுதான்.

அவரை நான் நேரில் சந்தித்ததில்லை. துரோணரை விட்டு விலகி நின்று வில் பழகிய ஏகலைவனைப் போல, அவருடைய கட்டுரைகளைப் படித்தே நான் பாடம் கற்றேன். ‘பொருந்தாததைத் தூக்கி எறியாதே’ என்பதுதான் அந்தப் பாடம். என் மாணவர்களின் சோதனைக்கூட அறிக்கையில் எல்லோருக்கும் ஒரே விடை வந்திருந்தால் நான் சந்தேகப்படுவேன். புத்தக விடைக்கேற்பத் தங்கள் அளவீட்டை மாற்றி எழுதியிருப்பார்கள். ‘ஏ’ வாங்குவதற்கு அது உதவலாம். 1999இல் அப்படிச் செய்திருந்தால் இன்னும் எத்தனை பேர் இறந்திருப்பார்கள்?

நம் பெற்றோர் பிள்ளையை ‘டாக்டராக்க வேண்டும்’ என்று ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் டாக்டர் என்றால் கிளினிக் மட்டும் நினைவுக்கு வருகிறது, ஆய்வகம் வருவதில்லை. நோயாளியைப் பார்த்த கண்ணோடு நுண்ணோக்கியைப் பார்க்கும் மருத்துவர்களும் நமக்கு வேண்டும். நிப்பாவுக்கு இன்றும் உரிமம் பெற்ற தடுப்பூசி இல்லை. அந்த வேலை இன்னும் முடியவில்லை, உங்களில் ஒருவருக்காகக் காத்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும் சரியான கேள்வியைக் கேட்டார். பண்ணையில் வேலை செய்தவர்களை அறிந்திருந்ததால் அவரால் கேட்க முடிந்தது. தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு நாலு பேர் நடுவில் கேள்வி கேட்கக் கூச்சம். நம் ஆங்கிலம், நம் மலாய் சரியில்லையோ என்ற பயம் வேறு. கூச்சப்படாதீர்கள், தம்பி தங்கைகளே. நீங்கள் பார்த்ததை மற்றவர்கள் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கேள்வி கேட்கும் பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள். விடை தெரியாவிட்டால், “எனக்கும் தெரியாது, சேர்ந்து தேடுவோம்” என்று சொல்லுங்கள். நான் அப்படிச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த பள்ளி விடுமுறையில் என் மாணவர்களைச் சுங்கை நிப்பாவுக்கு அழைத்துப் போகப் போகிறேன். அங்கே நின்று பாட்டியின் கேள்வியை அவர்களிடம் கேட்பேன். யார் முதலில் கை தூக்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.