திருடனைப் பிடிக்க அவசரச் சட்டமா?

தெருவிலே திருட்டு மிகுந்ததென்றும், ரௌடிகள் கடைக்காரரிடம் பணம் பறிக்கிறார்களென்றும் மக்கள் முறையிடுங்கால், சர்க்கார் முதலில் பார்ப்பது அவ்வட்டாரத்து ஸ்டேஷனையன்று. நாடு முழுமைக்கும் பொதுவான காவற் சட்டங்களையே. இஃது ஏன் என்று நாம் கேட்கிறோம்.

1969ஆம் ஆண்டு மே மாதக் கலகத்தையொட்டி மலேசியாவில் ஓர் அவசரகாலச் சட்டம் பிறந்தது. கலகம் அடங்கிற்று, சட்டம் அடங்கவில்லை. நாற்பதாண்டுக்கு மேல் உயிரோடிருந்து, மோட்டார் சைக்கிள் திருடியதாகச் சந்தேகிக்கப்பட்டவனையும் விசாரணையின்றி ஈராண்டு அடைத்து வைத்தது. 2005இல் போலீஸ் பற்றி ஆராய்ந்த ராயல் கமிஷனே அதனை ஒழிக்கச் சொல்லிற்று. செவி சாய்த்தார்களா? 2011 ஜூலையில் சுங்கை சிப்புட் பார்லிமெண்டு அங்கத்தினர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜையும் தோழர் ஐவரையும் அதே சட்டத்தின்கீழ் ஏறக்குறைய நான்கு வாரம் அடைத்து வைத்தனர். திருடனுக்கு விரித்த வலையில் வைத்தியர் வீழ்ந்தார்!

அவ்வாண்டு இறுதியில் அவசரகாலப் பிரகடனம் நீக்கப்பட்டது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் 1959ஆம் ஆண்டின் குற்றத்தடுப்புச் சட்டத்தை 2013இல் திருத்தி, முதலில் 21 நாள், பின்னர் 38 நாள், அதன்பின் ஒரு வாரியத்தின் உத்தரவால் ஈராண்டு என்று பழைய அடைப்பையே புதுப்பித்தனர். சிங்கப்பூரிலோ 1955இல் வந்த சட்டத்திற்குத் 'தற்காலிகம்' என்றே பெயர். அந்தத் தற்காலிகம் ஐந்தாண்டுக்கொருமுறை நீண்டுகொண்டே வந்திருக்கிறது!

சாட்சிகள் அஞ்சி வாய் திறப்பதில்லை, வேறு வழியென்ன என்பர். அச்சம் மெய்யே. தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்து அடுக்கு வீடுகளுக்குத் தள்ளப்பட்ட நம்மவர் அதனை நன்கறிவர். ரௌடியின் கையில் முதலில் அடிபடுவோரும் அவர்களே. ஆயினும் சாட்சி அஞ்சுவது ரௌடிக்கு மட்டுந்தானா? ஸ்டேஷன் படியேறினால் தன்னையே நிறுத்திவைத்துக் குடைவார்களென்றும் அஞ்சுகிறான். பெயர் சொல்லி அழைக்குமளவு பழகிய போலீஸ்காரர் நாள்தோறும் ரோந்து வரும் தெருவில் இவ்வச்சம் குறையும். சாட்சிக்குப் பாதுகாப்பளிக்கவும் 2009இல் மலேசியாவில் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். அதனைக் கையாளுவதற்கு உழைப்பு வேண்டும். ஒருவனை அடைப்பதற்கோ கையெழுத்தொன்று போதும்.

அடைபட்ட பையன் குற்றவாளியென்று எவரும் நிரூபிக்கவில்லை, நிரபராதியென்று சொல்வாருமில்லை. ஈராண்டு கழித்து வருபவனுக்கு வேலை கொடுப்பார் யார்? வாசலில் அவனுக்காகக் காத்திருப்பது பழைய கும்பலன்றி வேறெவர்?

வாக்குக் கேட்டு வரும் கனவான்களே! நம் வட்டாரத்து ஸ்டேஷனில் ரோந்துக்கு எத்தனை பேர்? புலன் விசாரணைக்கு எத்தனை பேர்? அவர்களுள் தமிழில் வாக்குமூலம் வாங்க வல்லவர் எத்தனை பேர்? புதிய சட்டத்தைப் பற்றிப் பேசுமுன் இக்கணக்கைக் கொண்டு வாருங்கள்.