சாவி வாங்கும் முன் தூணைத் தட்டிப் பாருங்கள்

தாராவியில் இன்று எந்தத் தேநீர்க் கடையில் போய் நின்றாலும் இரண்டே பேச்சுகள்தாம். நமக்கு வீடு உண்டா, இல்லையா என்பது ஒன்று. உண்டு என்றால் எத்தனை சதுர அடி என்பது மற்றொன்று. 2000 ஜனவரி 1-க்கு முந்திய அத்தாட்சி கையில் இருக்கிறதா, மின்சார பில் யார் பெயரில், மச்சில் குடியிருப்பவன் கதி என்ன, 350 சதுர அடி கிடைக்குமா என்று நம் மக்கள் இரவு பகலாக அலைகிறார்கள். இவை கேட்க வேண்டிய கேள்விகளே. நாமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்கக் காணோம்.

கட்டித் தரப்போகும் அந்த வீடு நிற்குமா?

புது வீட்டைப் பற்றி இப்படிக் கேட்பது அபசகுனம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். 2013 ஏப்ரல் 4-ஆம் தேதி மும்ப்ராவை அடுத்த ஷில் பாட்டாவில் இடிந்து விழுந்தது பழைய சால் அல்ல. கட்டி முடியாத புதுக் கட்டடம். மேலே தளம் போட்டுக்கொண்டிருக்கும்போதே கீழே குடும்பங்களைக் குடியேற்றியிருந்தார்கள். 74 பேர் மாண்டார்கள். மறு ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்தபோது 61 பேர் போனார்கள். பெரும்பாலோர் ஆந்திரத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளர்கள், அதாவது நம்மைப் போன்றவர்கள். பக்கத்தில் நின்ற அதன் இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் அரசே வெடி வைத்துத் தகர்த்தது. 2020 ஆகஸ்டில் நம் மராட்டிய மாநிலத்து மகாட் நகரில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று சாய்ந்து 16 உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பத்து வயதுகூட ஆகவில்லை.

இவையெல்லாம் தனியார் பேராசை, அரசு கட்டித் தந்தால் அப்படி ஆகாது என்பீர்களா? சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பை நினைவுபடுத்துகிறோம். குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடி. 2021 ஆகஸ்டில், குடியேறிய ஏழை மக்கள் சுவரைக் கையால் தொட்டால் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. அவர்கள் அதைச் செல்போனில் படம் பிடித்து ஊருக்குக் காட்டிய பிறகுதான் அமைச்சர்கள் வந்தார்கள், ஐ.ஐ.டி. வல்லுநர்கள் வந்து சோதித்தார்கள், பூச்சு தரமில்லை என்று தெரிந்தது, பொறியாளர்கள் மேல் நடவடிக்கை வந்தது. குடியேறும் முன்பே ஒருவர் ஆணி எடுத்துக் கீறிப் பார்த்திருந்தால்?

மும்பையில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 1995-இல் தொடங்கிய குடிசை மறுவாழ்வுத் திட்டத்தின் கணக்கு எளியது. பில்டர் நமக்கு இலவசமாக வீடு கட்டித் தருவார். அதற்கு ஈடாக அதே நிலத்தில் விற்பனைக் கட்டடம் கட்டிக்கொள்வார், அல்லது அந்த உரிமையை வேறிடத்துக்கு எடுத்துச் செல்வார். அவருக்கு லாபம் விற்பனைக் கட்டடத்தில். நம்முடைய கட்டடம் அவர் கணக்குப் புத்தகத்தில் செலவுப் பக்கம். செலவுப் பக்கத்தில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு மூட்டை சிமெண்டும் அவருக்கு லாபம்தானே? இலவசம் என்ற சொல்லே நம் வாயைக் கட்டிவிடுகிறது. தானமாக வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்காதே என்கிறார்கள். இது தானமா? அந்த நிலத்தின் விலைக்குப் பதிலாக வரும் வீடு இது.

அந்த நிலம் எப்படிப்பட்டது என்பதை நம் பாட்டன்மார் அறிவார்கள். கோலி மீனவர்களின் ஊரைச் சுற்றிக் கழிமுகச் சேறும் அலையாத்திக் காடுமாகக் கிடந்தது தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் ஷாப்புகளுக்கு வந்த நம்மவர்கள் குப்பையும் மண்ணும் உமியும் கொட்டி மேடாக்கிக் குடிசை போட்டார்கள். அந்த மேட்டில் ஒரு தகரக் கூரை நிற்கும். இருபது மாடி நிற்க வேண்டுமானால் சேற்றைத் துளைத்து அடியிலுள்ள கருங்கல் பாறை வரை பைல் இறங்க வேண்டும். ஒவ்வொரு பைலும் எத்தனை அடியில் பாறையைத் தொட்டது என்பதற்குத் தளத்தில் ஏடு எழுத வேண்டும். அந்த ஏட்டைக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டா, இல்லையா?

தகுதி இல்லை என்று தள்ளப்படுகிறவர்கள் நிலை இன்னும் மோசம். 2024 அக்டோபரில் மாநில அரசு தேவநார் குப்பைமேட்டில் ஏறத்தாழ 124 ஏக்கரைத் தாராவித் திட்டத்துக்கு ஒதுக்கியது. செம்பூர் வாசகர்களுக்கு அந்தப் புகையைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. 1927 முதல் ஊர்க் குப்பை கொட்டிய இடம். மக்கும் குப்பை ஆண்டுக்கணக்கில் அமிழ்ந்துகொண்டே இருக்கும், வாயுவும் கக்கும். கொட்டியதையெல்லாம் அடி வரை அள்ளி அப்புறப்படுத்தாமல் அங்கே அஸ்திவாரம் என்பது பேச்சுக்கே உதவாது.

சரி, யார் சோதிப்பது? கட்டடம் உறுதி என்று கையெழுத்திடும் பொறியாளருக்குச் சம்பளம் கொடுப்பவர் பில்டர். முப்பது ஆண்டு தாண்டிய கட்டடங்களுக்கு மாநகராட்சிச் சட்டம் உறுதிச் சோதனை கேட்கிறது. மூன்று மாதக் கட்டடத்துக்கு யார் கேட்பது? விலை கொடுத்து வாங்குகிறவனுக்கு 2016-இன் ரேரா சட்டம் துணை நிற்கிறது: ஐந்தாண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் முப்பது நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அது விற்பனையை மனத்தில் வைத்து எழுதிய சட்டம். ஒரே மனையில் ஒரே பில்டர் கட்டிய இரண்டு கட்டடங்களில், வாங்கியவனுக்கு ஒரு நீதி, நிலத்தைக் கொடுத்தவனுக்கு ஒரு நீதியா? இந்த ஐந்தாண்டுப் பொறுப்பை நம் ஒப்பந்தத்திலும் எழுத்தில் வாங்க வேண்டும் என்பது நமது முதற் கோரிக்கை.

ஆனால் கோரிக்கை மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. இந்த நகரின் கட்டடங்களில் பாதிக்கு மேல் சாரத்தில் ஏறியவர்கள் யார்? நம் தெருவில் கொத்தனார் இல்லாத சந்து உண்டா? அவர்களுக்குத் தெரியாத திருட்டா? தூணுக்குக் கம்பி கட்டும்போது ரிங்குகளுக்கு இடையில் ஒரு சாண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழம் விடுவது. கவர் பிளாக் வைக்காமல் கம்பியைப் பலகையோடு ஒட்டவிட்டுக் காங்கிரீட் கொட்டுவது. கடற்காற்றில் நாலு மழைக்குள் அந்தக் கம்பி துருவேறிப் பூச்சைப் பிளக்கும். வேலை எளிதாக ஓடக் கலவையில் தண்ணீரைக் கூட்டுவது. ஏழு முதல் பத்து நாளாவது ஈரம் காயாமல் வைக்க வேண்டிய தளத்துக்கு இரண்டாம் நாளே தண்ணீரை நிறுத்துவது. பலகை பிரித்ததும் தேன்கூடு போல் தெரியும் பொத்தல்களை ராத்திரியோடு ராத்திரியாக சிமெண்ட் பூசி மறைப்பது. பூச்சு ஏறிவிட்டால் பிறகு கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் சாவி கொடுக்கும் நாளில் பார்ப்பது வீண்; கம்பி கட்டும் நாளில் பார்க்க வேண்டும்.

பார்க்க விடுவார்களா என்கிறீர்கள். 2005-இன் தகவல் உரிமைச் சட்டத்தைக் காகிதம் கேட்கும் சட்டம் என்று மட்டும் நினைத்திருக்கிறோம். அதன் 2-ஆம் பிரிவு, அரசு அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் குடிமகனுக்கு உரிமை தருகிறது. மறுவாழ்வு ஆணையம் அரசு அமைப்பு. 28-ஆம் நாள் கியூப் சோதனை முடிவுகளையும் மண் சோதனை அறிக்கையையும் பைல் ஏட்டையும் அங்கே கேட்கலாம். தனியாரிடம் இருக்கிறது என்று கையை விரித்தால் அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஒன்றைக் கசப்போடு சொல்ல வேண்டியிருக்கிறது. 2017 ஜூலையில் காட்கோபரில் 17 பேர் இறந்த கட்டடம், தரைத்தளத்தில் சீரமைப்பு என்ற பெயரில் தூணில் கை வைத்ததால் விழுந்தது என்பது குற்றச்சாட்டு. சமையலறையைப் பெரிதாக்கச் சுவரை உடைக்கும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. பில்டரை நோக்கி விரல் நீட்டும்போது நம் வீட்டுச் சம்மட்டியையும் பார்த்துக்கொள்வோம்.

மாட்டுங்காவில் 1920, 30-களில் எழுந்த கட்டடங்கள் பல இன்றும் நிற்கின்றன. நடுத்தர வகுப்பார் வாடகை கொடுத்துக் குடியிருக்கக் கட்டியவை அவை. அவர்களுக்கு நிற்கிற சுவர் நமக்கும் நிற்க வேண்டும்.

கட்டட வேலை தெரிந்த ஐவர், மராட்டியிலும் ஆங்கிலத்திலும் மனு எழுதத் தெரிந்த இளைஞர் இருவர், இவ்வளவு போதும் ஒரு சாலுக்கு. பெண்களில் ஒருவராவது அதில் இருக்கட்டும். கழிவறைக் கசிவை முதலில் காண்பவர்கள் அவர்களே. தகவல் உரிமை மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். மனுவின் மாதிரி நகல் சங்கத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வந்து வாங்கிக்கொள்ளலாம். மேஸ்திரிகள் வரும்போது தூக்குக்குண்டையும் எடுத்து வரட்டும்.