காக்கா ஆழியை எந்த வலை கொண்டுவந்தது?

ஞாயிற்றுக்கிழமை காலை, காசிமேடு. வஞ்சிரத்துக்கு விலை கேட்டு முகம் சுளித்த ஒரு கண்ணாடிக்காரர் கூடவந்தவரிடம் அலுத்துக்கொண்டார்: "குஞ்சு குளுவான்கூட விடாம இவங்களே வாரிட்டாங்க சார், அப்புறம் மீன் எங்க இருக்கும்?" கூடைக்கார அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேட்டுக் கேட்டுப் புளித்த பேச்சு. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, மீனவன் வாரிவிட்டான். எண்ணூர்க் கழிமுகத்தில் காக்கா ஆழியைக் கொண்டுவந்து கொட்டியவன் யார்? ஆற்றடியில் பாய் விரித்தாற்போல் கொத்துக் கொத்தாய் ஒட்டிக் கிடக்கும் கறுப்புச் சிப்பி, தென்னமெரிக்கச் சரக்கு. கப்பல்கள் ஆட்டம் காணாமலிருக்க அடியில் நிரப்பிவந்து துறைமுகத்தில் இறைத்துவிடும் தண்ணீரோடு வந்திருக்கும் என்கிறார்கள். காட்டுக்குப்பத்துக்காரர் ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று ஒரு கொத்தைப் பிய்த்துக் காட்டினார். விரலெல்லாம் கீறல். "காலையே கிழிக்குது, எறா எங்கண்ணா பதுங்கும்?" மஞ்சள் மட்டி கிடந்த சேற்றையும் அதுவே மூடிவிட்டது. அவருடைய வலைக்கண்ணை அளந்து என்ன கண்டுபிடிக்கப் போகிறோம்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன, மீன் முட்டையிடட்டும் என்று. நல்ல ஏற்பாடு. கொசஸ்தலையாற்றில் சாம்பலைப் படியவிட்ட அனல்மின் நிலையக் குழாய்களுக்கு எத்தனை நாள் தடைக்காலம்? காக்கா ஆழிக்கு யார் ஜூன் 14 சொல்வது?

2017 ஜனவரி 28-இல் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையொதுங்கிய எண்ணெயை வாளியில் மொண்டார்கள். இதே கரையில் வடக்கே, பழவேற்காட்டைத் தாண்டி இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அடுத்த மாதமே ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்கள் போயின. நமக்கு வாளி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் வந்து படகையும் வலையையும் தார் பூசியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியாக் கசிவு. மூச்சுத் திணறி ஜனம் தெருவுக்கு ஓடியது. இதையெல்லாம் எடுக்காத சினிமாக்காரர்கள், வட சென்னை என்றதும் எங்கள் பையன்கள் கையில் கத்தியைக் கொடுத்துவிடுகிறார்கள். காக்கா ஆழி நன்றாகவே கிழிக்கும், அதை வில்லனாக்கலாம்.

கண்ணாடிக்காரர் போய்விடவில்லை. ஐம்பது ரூபாய் அடித்துப் பேசி அரைக் கிலோ சங்கரா வாங்கினார். பையை நீட்டும்போது அந்த அம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எண்ணூர் மீன் இல்லையேம்மா? எண்ணெய் வாடை அடிக்காதே?"