ஊர்ப் பணம்... கணக்கு எங்கே?

குடிநீர் இணைப்புக்கு இவ்வளவு, வீட்டு வரி பெயர் மாற்றத்துக்கு இவ்வளவு, கட்டட அனுமதிக்கு இவ்வளவு! உள்ளாட்சி அலுவலகங்களின் எழுதப்படாத விலைப்பட்டியல் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொடுத்துவிட்டு வெளியே வருபவர் 'காரியம் முடிந்தது' என்று பெருமையாகச் சொல்லிக் கொள்கிறார். 2018ல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு கொடுப்பவரும் குற்றவாளிதான், நிர்ப்பந்தத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் நாம் சொல்ல வந்தது இந்தச் சில்லறை லஞ்சத்தைப் பற்றியல்ல. பெரிய கொள்ளை காகிதத்தில் நடக்கிறது. போடாத சாலைக்குப் பில். தோண்டாத குளத்துக்குக் கூலிப் பட்டியல். அரையடி வெட்டிய வாய்க்கால் அளவுப் புத்தகத்தில் இரண்டடியாக வளர்ந்துவிடும்! இதில் யாரும் நம்மிடம் கை நீட்டுவதில்லை. எனவே பொடி தடவிய நோட்டைக் கொடுத்துக் கையும் களவுமாகப் பிடிக்கும் வித்தை இங்கே பலிக்காது.

பின் எப்படிப் பிடிப்பது? ராஜஸ்தானின் ஏழைக் கூலிகள் செய்து காட்டினார்கள். 1990ல் அங்கே தொடங்கப்பட்ட 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்ற அமைப்பு, 1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட் கிரானா கிராமத்தில் மக்கள் விசாரணை ஒன்றைக் கூட்டியது. அரசு வேலைகளின் பதிவேடுகள் ஊர் மக்கள் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டன. வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது சந்தி சிரித்தது! கூடியிருந்தவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் பெயர் தனக்குத் தெரியாதா? தான் கூலி வாங்கினோமா இல்லையா என்பது தெரியாதா? எந்தத் தணிக்கை அதிகாரியையும் விட அவர்களே நல்ல தணிக்கையாளர்கள்!

நகல் கேட்டு 1996ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடத்தினார்கள். அந்தக் கோரிக்கைதான் வளர்ந்து 2005ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்தது. (தமிழகம் 1997லேயே ஒரு சட்டம் போட்டது. விதிவிலக்குகளே அதில் அதிகம்!)

தமிழகத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போட்டால் 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும். பிரிவு 2(ஜே) என்ன சொல்கிறது தெரியுமா? பதிவேட்டை மட்டுமல்ல, வேலை நடக்கும் இடத்தையே பார்வையிடலாம். போட்ட பொருளின் சான்றளித்த மாதிரியையும் கேட்டு வாங்கலாம். சாலையில் கொட்டியது ஜல்லியா, மண்ணா என்று பார்த்துவிடலாமே!

இந்த ஆயுதத்தின் முனையைத்தான் இப்போது மழுக்கியிருக்கிறார்கள். 2023ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத சொந்த விவரத்தைத்தான் முன்பு மறுக்க முடியும். திருத்தமோ 'தனிநபர் தகவல்' என்ற ஒற்றைச் சொல்லையே மறுப்புக்குப் போதுமானதாக்குகிறது. கூலிப் பட்டியலில் உள்ள பெயரும் தனிநபர் தகவல், பில் வாங்கிய ஒப்பந்தக்காரரின் பெயரும் தனிநபர் தகவல் என்று சொல்லிவிட்டால் கோட் கிரானாவில் எதை வாசித்திருப்பார்கள்? யாருடைய அந்தரங்கத்தைக் காக்க இந்த அக்கறை?

இருந்தாலும் கதவு முழுதாக மூடிவிடவில்லை. பொது நலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்ற 8(2) அப்படியே இருக்கிறது. மானியத் திட்டப் பயனாளிகளின் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்ற 4(1)(பி)யும் இருக்கிறது. மனுவில் இவ்விரண்டையும் எண்ணோடு குறிப்பிடுங்கள்.

நம்மவர்கள் திரளாக வாழும் பல ஊர்கள் பேரூராட்சிகள். அங்கே கிராம சபை கிடையாது. நகரப் பகுதிகளுக்கு ஏரியா சபை என்று கூட்டத் தொடங்கியதே 2022 நவம்பரில்தான். நம் பகுதியில் அது கூடுகிறதா என்று கவுன்சிலரிடம் எத்தனை பேர் கேட்டோம்? ஊராட்சிகளில் கூட்டம் நடக்கிறது. நாம்தான் போவதில்லை. போகிறவர்களும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு வந்துவிடுகிறார்கள்.

ஜனவரி 26 கிராம சபையில் அளவுப் புத்தகத்தின் நகலைக் கையில் வைத்துக் கேள்வி கேட்க வேண்டுமானால், மனு நவம்பர் முதல் வாரமே போய்ச் சேர வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள் தேவைப்படும்.