ஷேர் பிறந்த பள்ளத்தாக்கு



பி.காம் முதல் வருஷத்தில் கூட்டுப் பங்கு நிறுவனம் பற்றிய பாடம் 1602ல், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஆரம்பித்தது. நானும் பரீட்சையில் அப்படியே எழுதி மார்க் வாங்கிவிட்டேன். ஆனால் இன்னும் 300 வருஷம் பின்னால் போய், ஸ்வீடனில் உள்ள டாலர்னாவில் இருந்து அந்தப் பாடத்தை ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கட்சி.

டாலர்னா என்றால் 'பள்ளத்தாக்குகள்'. நார்வே எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பழைய மாகாணம். வடமேற்கில் மலைகள். நடுவில் சில்யான் ஏரி. சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் விழுந்த இடம் அது. கிழக்கு டால், மேற்கு டால் என்று இரண்டு ஆறுகள் ஓடிவந்து ஒன்றாகின்றன. மற்றபடி எங்கு பார்த்தாலும் காடு. விளைநிலம் குறைவுதான். ஆனால் ஃபாலூன் என்ற ஊரில் பூமிக்கடியில் செம்பு இருந்தது.

1288ம் ஆண்டு ஆவணம் ஒன்றில், வெஸ்டெரோஸ் ஆயர் பீட்டர் இந்தச் சுரங்கத்தில் எட்டில் ஒரு பங்கைத் திரும்பப் பெற்றதாக இருக்கிறது. 1347ல் மன்னர் மாக்னஸ் எரிக்சன் சுரங்கக்காரர்களுக்கு உரிமை சாசனமே கொடுத்தார். "அது நம் புத்தகம் சொல்லும் கம்பெனி இல்லையே, சட்டப்படி தனி நபர் இல்லையே" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் பங்கைப் பிரிக்கலாம், கைமாற்றலாம் என்ற எண்ணம் அங்கே அப்போதே வந்துவிட்டது.

அந்தப் பங்கு வெறும் காகிதம் இல்லை. பங்குக்கு ஏற்ற அளவு தாது வெட்டும் உரிமை. பாறையோரம் விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள். சூட்டில் பாறை விரிசல் விட்டதும் உடைத்து எடுப்பார்கள். தீக்கு விறகு, உலைக்குக் கரி, இரண்டையும் கொடுத்தது சுற்றியிருந்த காடு. புகையில் கந்தகம். 1734ல் அங்கே போன தாவரவியல் அறிஞர் லின்னேயஸுக்கு நரகம்தான் நினைவுக்கு வந்ததாம்!

1650ல் மட்டும் சுமார் 3000 டன் செம்பு. ஒரு காலத்தில் ஐரோப்பாவின் செம்பில் மூன்றில் இரண்டு பங்கு இங்கிருந்துதான் போனது. ஸ்வீடன் நடத்திய போர்களுக்கும் இந்தப் பணம் உதவியது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1687ம் ஆண்டு கோடைத் திருநாள் சமயத்தில் சுரங்கத்தின் பெரும்பகுதி அப்படியே சரிந்தது. காரணம், பல நூற்றாண்டுகளாக ஆளாளுக்கு ஒரு பக்கம் முறையில்லாமல் குடைந்ததுதான். விடுமுறை நாள் என்பதால் உள்ளே யாரும் இல்லை. ஒருவரும் சாகவில்லை. அந்த ராட்சதப் பள்ளத்தை இன்றும் பார்க்கலாம்.

லாபத்தை எட்டாகவோ எண்பதாகவோ பிரித்துக்கொள்ள அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நடுவில் இருக்கும் சுவர் யாருடைய பங்கு? வெட்டிய காடு யார் கணக்கில்? அந்தப் புகை எந்தப் பேரேட்டில்? நம் பாடம் 1602ல் கப்பலோடு ஆரம்பிப்பதால் இந்தக் கேள்வியே எழுவதில்லை. சரக்கு வரும், டிவிடெண்ட் வரும், அவ்வளவுதான். டாலர்னாவில் இருந்து ஆரம்பித்தால் முதல் நாளே அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஷேரைப் படிக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு வேடிக்கை. 1634லேயே ஸ்வீடனின் பழைய மாகாணங்களிடம் இருந்த நிர்வாகம் 'லேன்' என்ற மாவட்டங்களுக்குப் போய்விட்டது. டாலர்னா பகுதி மாவட்டத்துக்குச் செம்பு மலையின் பெயரையே வைத்தார்கள். 1992ல் சுரங்கத்தை மூடினார்கள். 1997ல் மாவட்டத்தின் பெயர் டாலர்னா என்று மாறியது. செம்பு தீர்ந்தது, பள்ளத்தாக்கு தன் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஸ்வீடன் முழுக்க வீடுகளுக்கு அடிக்கும் அந்தச் சிவப்புப் பெயிண்ட் கூட ஃபாலூன் சுரங்கக் கழிவில் இருந்து வந்ததுதான்.

அடுத்த செமஸ்டரில் ஜூனியர் யாராவது நோட்ஸ் கேட்டால் 1602ஐத்தான் கொடுப்பேன். பாஸாக வேண்டுமே! ஆனால் ஓரத்தில் பென்சிலால் 1288 என்றும் 1687 என்றும் எழுதித்தான் கொடுப்பேன்.