பெரும்பலகைச் சதுரங்கமும் புதிய காய்களும்

சதுரங்கப் பலகையை விரித்து அதற்கெனப் புதிய காய்களை ஆக்கும் முயற்சி நெடுங்காலத்தது. பலகை பெருத்தால் காயின் வலிமையும் பெருக வேண்டும் என்பதே இம்முயற்சியில் ஈடுபட்டோர் பலரின் எடுகோளாகும். இவ்வெடுகோள் தவறானது.

1617இல் சிசிலியைச் சேர்ந்த கரேரா, 80 கட்டங்கள் கொண்ட பலகைக்கு இரு காய்களைப் புகுத்தினார். ஒன்று கோட்டையும் குதிரையும் இணைந்தது. மற்றையது மந்திரியும் குதிரையும் இணைந்தது. 1874இல் ஆங்கிலேயரான பேர்டும், 1920களில் கியூபாவின் கபாபிளாங்காவும் இதே இணைப்புகளையே முன்வைத்தனர். வல்லவர் ஆடும் ஆட்டங்கள் யாவும் சமநிலையில் முடிந்து சதுரங்கம் வரண்டுவிடும் என்ற கபாபிளாங்காவின் அச்சம் நியாயமானதே. ஆயினும், நோயை அறிந்தமை மருந்தை அறிந்தமையாகாது. இரு பழைய வலிமைகளை ஒட்டுதல் கூட்டலேயன்றி ஆக்கமன்று.

இக்கூட்டலின் விளைவு யாது? காலாளால் தாக்கப்படும் பெருங்காய், தனக்குக் காவல் இருப்பினும் விலகியே ஆகவேண்டும். எதிரியின் சிறுகாய்கள் காக்கும் கட்டங்கள் யாவும் அதற்கு விலக்கப்பட்டவை. எனவே பெருங்காய்களைச் சேர்ப்பதால் அஞ்சி ஒதுங்கும் காய்களின் தொகையே கூடுகின்றது. குதிரையின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பலகையின் நடுவில் நிற்கும் குதிரை எட்டுக் கட்டங்களைத் தாக்கும். 64 கட்டங்களில் இது எட்டிலொரு பங்கு. 144 கட்டங்களில் பதினெட்டிலொரு பங்கு மட்டுமே. பலகையை விரிப்பவர் குதிரையைத் தொடாமலே அதனை நலிவிக்கின்றார்.

யப்பானியரின் சூ ஷோகி ஆட்டம் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 144 கட்டங்களில், பக்கத்துக்கு 46 காய்களுடன் ஆடப்படும் அவ்வாட்டத்தின் தலையாய காய் சிங்கம். அது இரு கட்டங்களுக்கு அப்பால் செல்லாது. ஆயினும் ஒரே முறையில் இருமுறை அடியெடுத்து வைத்து இரு காய்களை வெட்டவல்லது. சிங்கத்துக்குச் சிங்கம் என எளிதில் மாற்றிக்கொள்வதைத் தடுக்கும் விதிகளும் உடன் வகுக்கப்பட்டுள்ளன. வலிமை தூரத்தில் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. அதே யப்பானில் 36க்கு 36 கட்டப் பலகையில் பக்கத்துக்கு 402 காய்களை நிறுத்திய தைக்கியொக்கு ஷோகியும் தோன்றியது. தொகையையே ஆக்கமெனக் கொள்வோர் சென்றடையும் எல்லை அது.

புதிய காயைப் படைப்பவர், ‘இது எத்துணை வலியது?’ எனக் கேட்பதோடு அமைவர். ‘இது வந்தபின் காலாளுக்கு என்ன பணி எஞ்சும்?’ என்பதே அவர் முதலிற் கேட்கவேண்டிய வினா. அதற்கு விடையளிக்க இயலாத காய், எத்துணைப் பெரிய பலகையிலும் இடம்பெறத் தகுதியற்றது.