கொடுக்கப்பட்டவை



"இனி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே வடிவமைக்கும், 3டி பிரிண்டரே செய்து கொடுத்துவிடும், இன்ஜினியர் எதற்கு?" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

செயற்கை இடுப்பு மூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடை எலும்புக்குள் செருகும் டைட்டானியத் தண்டு, எலும்பைவிட ஐந்தாறு மடங்கு விறைப்பானது. பாரத்தில் பெரும்பங்கை அதுவே வாங்கிக்கொள்வதால், வேலையில்லாத எலும்பு நாளடைவில் மெலிகிறது. இதற்கு உலோகத்தை மாற்ற வேண்டியதில்லை. டைட்டானியத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கி, உள்ளே நுண்துளைகள் கொண்ட கம்பிப் பின்னலாகச் செய்தால் விறைப்பு குறையும். துளைகளுக்குள் எலும்பும் வளர்ந்து பிடித்துக்கொள்ளும்.

ஈர்க்குச்சியையும் வால்வு டியூப்பையும் வைத்து வகுப்பில் செய்தோமே, சதுரம் சாய்ந்தது, முக்கோணம் அசையவில்லை. அதே சங்கதிதான். கம்பிகள் வளைந்து கொடுக்கும் பின்னலில் பொருளைப் பாதியாக்கினால் விறைப்பு கால்வாசியாகிவிடும். முக்கோணங்களால் கட்டிய பின்னலில் பாதியாகத்தான் குறையும். ஒரே உலோகம், வடிவம்தான் வேறு.

எங்கே பொருள் வேண்டும், எங்கே வேண்டாம் என்று கணினியைக் கொண்டே தேடும் முறைக்கு 1988இல் பென்ட்சோவும் கிக்குச்சியும் வழி திறந்தார்கள். இவ்வளவு பாரம், இவ்வளவு பொருள் என்று சொல்லிவிட்டால் அது தேடித் தரும்.

பாரத்தை யார் சொல்வது? பெர்லினில் சென்சார் பொருத்திய செயற்கை மூட்டுகளில் அளந்து பார்த்தார்கள். நடக்கும்போது உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. கால் தடுமாறினால் ஏழெட்டு மடங்குகூட வந்திருக்கிறது! நடையை மட்டும் கணக்கில் கொடுத்தால், நடைக்குத் தேவைப்படாத இடத்திலிருந்தெல்லாம் கம்ப்யூட்டர் பொருளைச் சுரண்டி எடுத்துவிடும். அதைக் குறை சொல்ல முடியாது, கேட்டதற்குத்தானே விடை சொன்னது? வீட்டு வாசற்படியில் தடுக்கி விழப்போகும் பாட்டியை அதற்குத் தெரியாது.

வழிக்கணக்கில் 'கொடுக்கப்பட்டவை' என்று முதல் வரி எழுதச் சொல்லி உங்களைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறேன். எழுதாதவர்களுக்கு அரை மார்க் குறைத்ததற்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

அச்சில் வரும் கம்பிகளும் படத்தில் இருப்பதுபோல் வழுவழுப்பாக இருப்பதில்லை. விரிசல் அந்தச் சொரசொரப்பில்தான் தொடங்கும். ஆகவே செய்ததை லட்சக்கணக்கான முறை அழுத்திச் சோதித்துத்தான் ஆக வேண்டும்.

இந்த வேலையில் இருக்கும் பிள்ளைகள் கமெண்டில் எழுதுங்கள்: உங்கள் இடத்தில் பாரக் கணக்கை எழுதுவது யார்? அதைச் சரிபார்ப்பது யார்?